நோட்டிஃபை-சென்ட் திரையில் எதையும் காட்டாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், பழையவை என்று ஒதுக்கப்பட்ட கணினிகளில் லினக்ஸ் ஏற்றித் தருவது சில ஆண்டுகளாக எனது மாலை நேர வேலை. தோட்ட அலுவலகக் கிராணி (எழுத்தர்), டியூஷன் வகுப்பு நடத்தும் ஆசிரியை, கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருபவர் எனப் பலரும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நினைவூட்டலுக்காக, அறிவிப்பு அனுப்பும் நோட்டிஃபை-சென்ட் என்னும் கட்டளையை அமைத்துக்கொடுத்தால், சில நாள்களில் அவர்களிடமிருந்து வரும் செய்தி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: கட்டளை ஓடுகிறது, பிழை எதுவும் இல்லை, ஆனால் திரையில் ஒன்றும் தோன்றுவதில்லை. அப்போது நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் அவற்றின் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். முனையத்தில் (டெர்மினல்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். சிறுகோடு, புள்ளி, சாய்கோடு ஆகியவற்றை அப்படியே இடுங்கள். பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

நோட்டிஃபை-சென்ட் உண்மையில் என்ன செய்கிறது?

திரையில் எழுதும் வேலை அதனுடையது அன்று. தோட்டங்களில் தபால் வந்துகொண்டிருந்த விதத்தை அறிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். தபால்காரர் லயத்து வீடுகளின் வாசலுக்கெல்லாம் போவதில்லை. கடிதங்களைத் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிவிடுவார், அவற்றை உரியவரிடம் சேர்ப்பது அலுவலகத்தில் இருப்பவரின் பொறுப்பு. நோட்டிஃபை-சென்ட் அந்தத் தபால்காரர். டி-பஸ் எனப்படும் செய்திப் பாதையின் வழியாக, ஆர்க்.ஃப்ரீடெஸ்க்டாப்.நோட்டிஃபிகேஷன்ஸ் என்னும் பெயரில் யார் பதிவு செய்துகொண்டு அமர்ந்திருக்கிறாரோ அவரிடம் தலைப்பு, விவரம், சின்னம், அவசர அளவு, காட்ட வேண்டிய நேரம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு அது முடிந்துவிடுகிறது. பெறுபவர் ஓர் எண்ணைத் திருப்பித் தருவார். செய்தி பெறப்பட்டது என்பதற்கான ரசீது மட்டுமே அது.

பெறுபவர் யார் என்பது மேசைச்சூழலைப் (டெஸ்க்டாப்) பொறுத்தது. க்னோமில் மேசைச்சூழலின் ஓடாகிய க்னோம் ஷெல்லே அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. கேடிஇ பிளாஸ்மாவிலும் அப்படியே. எக்ஸ்எஃப்சிஇ-யில் எக்ஸ்எஃப்சிஇ4-நோட்டிஃபைடி என்னும் தனி நிரல் உண்டு. ஐ3, ஸ்வே போன்ற எளிய சாளர மேலாளர்களில் எதுவும் தானாக வராது; டன்ஸ்ட் அல்லது மாக்கோ போன்ற ஒன்றை நாமேதான் நிறுவ வேண்டும்.

ஆகவே, அறிவிப்பு தோன்றவில்லை என்றால் தபால்காரரைச் சந்தேகிப்பது கடைசியில்தான். அவர் எந்த அலுவலகத்துக்குப் போனார், அங்கே ஆள் இருந்தாரா, இருந்தவர் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டாரா என்று வரிசையாகக் கேட்க வேண்டும்.

கட்டளை அமைதியாக முடிகிறது. திரை வெறுமையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மேசைச்சூழலில் நுழைந்து, அங்கேயே ஒரு முனையத்தைத் திறந்து, நோட்டிஃபை-சென்ட் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு ஏதேனும் ஒரு சொல்லைத் தந்து ஓட்டுங்கள். கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் சேவை), சூடோ (நிர்வாகி உரிமையுடன் ஓட்டுவது), தொலைவிலிருந்து நுழைதல் ஆகிய எதையும் இந்த முதல் சோதனையில் கலக்காதீர்கள். இங்கே அறிவிப்பு வந்துவிட்டால் பெறுபவர் நலமாக இருக்கிறார் என்று பொருள். உங்கள் சிக்கல் கட்டளை ஓடும் சூழலில் இருக்கிறது, நேராகக் கிரான் பற்றிய கேள்விக்குப் போகலாம். கட்டளையே இல்லை என்று முனையம் சொன்னால் தொகுப்பு நிறுவப்படவில்லை: டெபியன், உபுண்டு குடும்பத்தில் அதன் பெயர் லிப்நோட்டிஃபை-பின், ஃபெடோராவில் வெறும் லிப்நோட்டிஃபை.

இங்கேயும் ஒன்றும் வரவில்லை என்றால், பெறுபவர் யார் என்று கேட்க வேண்டும். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் அமைப்பு) உள்ள கணினிகளில் அதற்கு ஒரு வசதியான கட்டளை உண்டு: பஸ்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் ஆர்க்.ஃப்ரீடெஸ்க்டாப்.நோட்டிஃபிகேஷன்ஸ். கடைசிச் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பேரெழுத்து. அதைச் சிற்றெழுத்தாக எழுதிவிட்டு, சேவையே இல்லை என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிலில் வரும் நிரலின் பெயரையும் செயல்முறை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எஃப்சிஇ4-நோட்டிஃபைடி, டன்ஸ்ட் போன்றவை முதல் செய்தி வந்த பிறகுதான் எழுந்து உட்காரும் வகையில் அமைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், முதலில் ஓர் அறிவிப்பை அனுப்பிவிட்டு, அதன் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பதே முறை.

செய்தி பாதையில் ஏறியதா என்றே ஐயம் இருந்தால், ஒரு முனையத்தில் டிபஸ்-மானிட்டர் --செஷன் என்று ஓடவிட்டு, இன்னொன்றிலிருந்து அறிவிப்பை அனுப்புங்கள். ஓடும் வரிகளுக்கு நடுவே நோட்டிஃபை என்னும் அழைப்பும் நீங்கள் எழுதிய சொற்களும் தெரிந்தால் கடிதம் அலுவலகம் வந்து சேர்ந்துவிட்டது. அதன் பிறகு நோட்டிஃபை-சென்ட்டின் விருப்பங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

அந்தப் பெயரை எந்தச் சேவைக் கோப்பும் வழங்கவில்லை என்று நீண்ட ஆங்கிலப் பிழை வருகிறது. அதன் பொருள் என்ன?

அலுவலகத்தில் ஆள் இல்லை. பிழைகளிலேயே நல்ல பிழை இதுதான், ஏனெனில் ஐயத்துக்கு இடமில்லாமல் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. இடம் மிச்சப்படுத்துவதற்காக வெறும் சாளர மேலாளரை மட்டும் ஏற்றிய பழைய கணினிகளில் இதை அடிக்கடி காணலாம். டன்ஸ்ட்டை நிறுவுங்கள், வேலண்ட் என்னும் புதிய திரை முறையில் இயங்கும் ஸ்வே என்றால் மாக்கோ பொருத்தமாக இருக்கும். சாளர மேலாளரின் தொடக்கக் கோப்பில் அதை ஓட்டும் வரியைச் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

நிறுவிய பின்னும் அது தொடங்கிய வேகத்தில் இறந்துபோனால், அதற்கு எந்தத் திரையில் வரைவது என்பது தெரியவில்லை என்று கொள்ளலாம். டி-பஸ் தானே எழுப்பும் நிரல், உங்கள் முனையத்தின் மாறிகளை (பெயரிட்டு வைத்த அமைப்பு மதிப்புகளை) அறியாது. பாதைக்குத் தெரிந்த மாறிகளை மட்டுமே அறியும். டிபஸ்-அப்டேட்-ஆக்டிவேஷன்-என்விரான்மென்ட் என்னும் கட்டளைக்கு --சிஸ்டம்டி என்ற விருப்பத்தையும், டிஸ்ப்ளே, வேலண்ட்_டிஸ்ப்ளே ஆகிய மாறிகளின் பெயர்களைப் பேரெழுத்திலும் தந்து, அதைத் தொடக்கக் கோப்பில் முன்னதாக வைத்தால் இது தீரும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஒரு பெயருக்கு ஒருவர்தான் உரிமை கொண்டாட முடியும். எக்ஸ்எஃப்சிஇ உள்ள கணினியில் ஆசைப்பட்டு டன்ஸ்ட்டையும் நிறுவிவிட்டால், முதலில் எழுந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்; நீங்கள் மாற்றி எழுதும் அமைப்புகள் மற்றவருடைய கோப்பில் பயனின்றிக் கிடக்கும். இரண்டில் ஒன்றை நீக்கிவிடுவதே நல்லது.

பெறுபவர் இருக்கிறார், செய்தியும் சேர்கிறது, ஆனாலும் தோன்றவில்லையே?

இப்போது மேசை இழுப்பறைக்குள் தேட வேண்டும். பெறுபவர் செய்தியை வாங்கிக்கொண்டு, காட்டக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறார். எல்லாவற்றிலும் முந்திப் பார்க்க வேண்டியது, தொந்தரவு செய்யாதே என்னும் அமைப்பு. க்னோமில் அந்த அமைப்பு 49-ஆம் பதிப்புக்கு முன் மேலே உள்ள கடிகாரத்தின் கீழ் இருந்தது, அந்தப் பதிப்பிலிருந்து விரைவு அமைப்புகளில் இருக்கிறது. கடிகாரத்தைச் சொடுக்கினால் அறிவிப்புப் பட்டியல் தெரியும். வராமல் போனதாக நீங்கள் நினைத்த அறிவிப்புகள் அனைத்தும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் காணும்போது சிரிப்புதான் வரும். டன்ஸ்ட்டில் டன்ஸ்ட்சிடிஎல் இஸ்-பாஸ்டு என்று கேட்டால், அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். டன்ஸ்ட்சிடிஎல் ஹிஸ்டரி-பாப் என்பது முன்பு வந்து மறைந்ததை மீண்டும் காட்டும். பிளாஸ்மாவில், திரையை இன்னொரு திரையில் அப்படியே பிரதிபலிக்கும்போது தானாகவே அமைதி காக்கும் அமைப்பு ஒன்று உண்டு. ப்ரொஜெக்டர் இணைத்த வகுப்பு நேரத்தில் மட்டும் நினைவூட்டல் வரவில்லை என்று ஆசிரியை சொன்னால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

அடுத்தது அவசர அளவு. சிறுகோடும் யூ-வும் இட்டு லோ, நார்மல், கிரிட்டிக்கல் என்ற மூன்றில் ஒன்றைத் தரலாம். லோ என்று அனுப்பியதை க்னோம் பட்டியலில் மட்டும் சேர்க்கும், திரையில் பட்டையாகக் காட்டாது. நார்மல் என்று அனுப்பியதையும், முதன்மைத் திரையை ஒரு சாளரம் முழுமையாக நிறைத்திருக்கும்போது அது நிறுத்திவைக்கும். கிரிட்டிக்கல் என்பது இந்தத் தடைகளைக் கடந்துவிடும். நேரம் முடிந்து தானாக மறையவும் கூடாது என்பது அறிவிப்புகளுக்கான பொது விதி. அதற்காக எல்லாவற்றையும் கிரிட்டிக்கல் ஆக்கிவிடாதீர்கள். அலுவலகத்தில் ஒருவர் அப்படிச் செய்ததில், திரையின் வலப்பக்கம் முழுவதும் மூடப்படாத அறிவிப்புகள் அடுக்கடுக்காக நின்று, கணக்குப் பதிவேட்டின் கடைசிப் பத்தியையே மறைத்துவிட்டன.

மூன்றாவது, நேரம். சிறுகோடும் டி-யும் இட்டுத் தரும் எண் மில்லிவினாடியில் அளக்கப்படுகிறது. 5 வினாடி காட்ட வேண்டுமென்றால் 5000 என்று எழுத வேண்டும்; 5 என்று எழுதினால், அதை மதிக்கும் நிரல்களில் அறிவிப்பு கண் இமைப்பதற்குள் தோன்றி மறைந்துவிடும். க்னோம் இந்த எண்ணைப் பொருட்படுத்துவதே இல்லை. அதனால் க்னோம் உள்ள கணினியில் எழுதிச் சரிபார்த்த ஒரு கட்டளை, எக்ஸ்எஃப்சிஇ உள்ள கணினிக்குப் போனதும் ஊமையாகிவிடுவது உண்டு. 0 என்றால் தானாக மறையாது.

கையால் ஓட்டினால் வருகிறது. கிரானில் வைத்தால் வரவில்லை. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகுதியானது இது. தோட்டத்துக் கிராணியும் கணினியின் கிரானும் பெயரில்தான் நெருங்கியவர்கள். கிராணிக்குத் தோட்டத்தில் உள்ள ஒவ்வொரு வீடும் தெரியும்; கிரானுக்கு நீங்கள் எந்தத் திரையின் முன் அமர்ந்திருக்கிறீர்கள் என்பது கூடத் தெரியாது. நீங்கள் மேசைச்சூழலில் நுழையும்போது உங்களுக்கென ஒரு டி-பஸ் பாதை உருவாகிறது, அதன் முகவரி மாறிகளில் எழுதப்படுகிறது, முனையம் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. கிரான் இந்த மரபில் பிறந்ததன்று. வீட்டுக் கோப்புறை, பயனர் பெயர், ஓடு (ஷெல்), மிகக் குறுகிய ஒரு நிரல் பாதை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அது உங்கள் கட்டளையை ஓட்டுகிறது. தபால்காரர் கடிதத்துடன் புறப்பட்டுவிட்டார், அலுவலகம் எந்தப் பக்கம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

சிஸ்டம்டி உள்ள இன்றைய லினக்ஸில் அந்தப் பாதை ஒரு நிலையான இடத்தில் இருக்கிறது: /ரன்/யூசர்/1000/பஸ். அந்த 1000 உங்கள் பயனர் எண். ஐடி -யூ என்று ஓட்டினால் உங்கள் எண் தெரியும். கணினியில் முதலில் உருவாக்கிய பயனருக்குப் பெரும்பாலும் 1000, அடுத்தவருக்கு 1001. கிரான் கோப்பின் தொடக்கத்தில், எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிஐஆர் என்னும் மாறியை முழுவதும் பேரெழுத்தில் எழுதி, சமக்குறி இட்டு, /ரன்/யூசர்/1000 என்று சேருங்கள். டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ் என்னும் மாறிக்கு (இதுவும் முழுவதும் பேரெழுத்தில்) யுனிக்ஸ்:பாத்=/ரன்/யூசர்/1000/பஸ் என்று தனியாகவும் எழுதிவிட்டால் ஐயமே இல்லை. எண்ணை நேராக எழுதுங்கள்; கிரான் கோப்பின் மாறி வரிகளில் வேறு மாறிகளோ கட்டளைகளோ விரிவடையாது.

டிஸ்ப்ளே=:0 என்று சேர்த்தால் போதும் என்னும் அறிவுரை இன்னும் பரவலாக இருக்கிறது. அது பழைய ஏற்பாட்டின் மிச்சம். பாதையின் முகவரி சரியாக இருந்தால் நோட்டிஃபை-சென்ட்டுக்குத் திரையைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. வரைபவர்தான் திரையை அறிய வேண்டும். அந்த வரியைச் சேர்ப்பதால் தீங்கில்லை, ஆனால் அதை மட்டும் சேர்த்துவிட்டுக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

இதன் பிறகும் வரவில்லை என்றால், கிரான் சொல்வதைக் கேட்க வேண்டும். கட்டளை வெளியிடும் பிழைகளைக் கிரான் மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். நம் கணினிகளில் அஞ்சல் சேவை நிறுவப்பட்டிருப்பதில்லை என்பதால் அவை யாரும் பார்க்காமலே போய்விடும். கட்டளையின் கடைசியில் பெரிது என்னும் குறியை இரண்டு முறை இட்டு ஒரு கோப்பின் பெயரையும், அதன்பின் 2>&1 என்பதையும் சேர்த்தால் பிழைகள் அந்தக் கோப்பில் சேரும். அந்தக் கோப்பின் ஒரு வரி, இங்கே நான் எழுதும் பத்து வரிகளைவிட உங்களுக்குப் பயன்படும்.

கிரான் வரியில் உள்ள விழுக்காட்டுக் குறியும் சிலரைக் கவிழ்த்திருக்கிறது. கிரானுக்கு அந்தக் குறி புதிய வரி என்று பொருள். வட்டு 90% நிரம்பியது என்று எழுதினால் கட்டளை 90-உடன் வெட்டப்பட்டு, மேற்கோள் குறி மூடப்படாமல் பிழையில் முடியும். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இட்டால் போதும்.

குறித்த நேரத்தில் வராமல், பிற்பகலில் திடீரென்று வருகிறதே?

கணினியின் நேர மண்டலம் சரியாக அமைக்கப்படவில்லை. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலையில் பெரட்டுக்கு (தொழிலாளர் வருகைப் பதிவு) முன் வர வேண்டும் என்று 6 மணிக்கு வைத்த நினைவூட்டல், உலகப் பொது நேரத்தில் இருக்கும் கணினியில் பிற்பகல் 2 மணிக்கு ஓடும். டைம்டேட்சிடிஎல் என்று கேட்டுப் பாருங்கள். ஏஷியா/கோலாலம்பூர் என்று வர வேண்டும். நேர மண்டலத்தை மாற்றிய பின் கிரான் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள், இல்லையெனில் அது பழைய மண்டலத்திலேயே எண்ணிக்கொண்டிருக்கலாம். தீபகற்பம் ஏழரை மணி நேரக் கணக்கை விட்டு 8 மணி நேரத்துக்கு மாறியது 1982 ஜனவரி 1 அன்று. அரை மணி வித்தியாசம் காட்டும் கணினியை இன்றுவரை நான் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

கிரானை விட நல்ல வழி இருக்கிறதா?

இருக்கிறது. மேசைச்சூழலில் இருப்பவருக்கான நினைவூட்டல் என்றால் சிஸ்டம்டியின் பயனர் டைமரையே பரிந்துரைப்பேன். வீட்டுக் கோப்புறையில் .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் என்னும் இடத்தில், ஒரே பெயரில் .சர்வீஸ் என்றும் .டைமர் என்றும் முடியும் இரண்டு கோப்புகளை வைக்க வேண்டும். முதலாவதில் எதை ஓட்டுவது, இரண்டாவதில் எப்போது ஓட்டுவது. சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ் என்று டைமரின் பெயரைத் தந்து தொடங்கலாம். கோப்புகள் இரண்டாகிவிடுவது சிலருக்குச் சுமையாகத் தோன்றும். ஆனால் அது உங்கள் பயனர் அமர்வுக்குள்ளேயே ஓடுவதால் டி-பஸ் முகவரி அதற்கு முன்பே தெரியும், மாறிகளைக் கையால் திணிக்க வேண்டியதில்லை. டைமர் கோப்பில் பெர்சிஸ்டன்ட்=ட்ரூ என்று (முதல் எழுத்து மட்டும் பேரெழுத்து) எழுதினால், கணினி அணைந்திருந்தபோது தவறிய நேரத்துக்கு ஈடாக அடுத்த முறை நுழைந்ததும் ஓடும். மழை பிடித்துக்கொண்டால் கணினியின் சொருகியைப் பிடுங்கி வைப்பது வழக்கமாகிவிட்ட நமது பக்கத்தில் இந்த வரிக்கு மதிப்பு அதிகம். ஜர்னல்சிடிஎல் --யூசர் -யூ என்று சேவையின் பெயரைத் தந்தால் அதன் பிழைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

சூடோவுடன் ஓட்டினால் வரவில்லை. யுபிஎஸ் நிரலிலிருந்து அழைத்தாலும் வரவில்லை.

இரண்டும் ஒரே காரணம்: கட்டளையை ஓட்டுபவர் நீங்கள் இல்லை. சூடோ போட்டதும் நீங்கள் ரூட் என்னும் நிர்வாகி ஆகிவிடுகிறீர்கள். ரூட்டுக்கு உங்கள் அமர்வின் முகவரி தெரியாது, முகவரியைச் சொல்லிக் கொடுத்தாலும் உங்கள் பாதை வேறொரு பயனரைப் பெரும்பாலும் உள்ளே விடாது. அதிகாரம் கூடினால் எல்லாக் கதவும் திறக்கும் என்ற எண்ணம் இங்கே பலிக்காது. ரூட்டாக ஓடும் நிரலிலிருந்து அனுப்ப வேண்டுமென்றால் மீண்டும் உங்கள் பயனராக இறங்கி வர வேண்டும்: சூடோ -யூ என்று எழுதி உங்கள் பயனர் பெயரைத் தந்து, அதை அடுத்து மேலே சொன்ன டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ் மாறியையும் அதன் மதிப்பையும் எழுதி, அதன் பிறகு நோட்டிஃபை-சென்ட்டை எழுதுங்கள்.

மாலை இடியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் திரையில் எச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, நட் எனப்படும் யுபிஎஸ் கண்காணிப்பு நிரலின் அறிவிப்புக் கட்டளையாக நோட்டிஃபை-சென்ட்டை வைப்பவர்கள் உண்டு. அந்தக் கட்டளை நட் நிரலுக்கென உள்ள தனிப் பயனரின் பெயரில் ஓடுவதால், சூடோ வழியாக இறங்கும் உரிமையை அந்தப் பயனருக்கு முறையாகத் தந்தால் ஒழிய எதுவும் தோன்றாது. அந்த ஏற்பாட்டைச் செய்து தருவேன், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொல்வேன். ஆள் இல்லாத அறையில் திரை எதைக் காட்டினாலும் பயன் என்ன? மின்கலம் தீரும் முன் கணினி ஒழுங்காகத் தானே அணையும்படி அமைப்பது முதல் வேலை.

வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து அனுப்பினால் என் திரையில் ஏன் வருவதில்லை?

அலுவலகக் கணினியில் யாராவது மேசைச்சூழலில் உங்கள் பெயரில் இருந்தால், அறிவிப்பு அங்கே, அந்தத் திரையில் தோன்றியிருக்கும். ஒரே பயனரின் அமர்வுகள் அனைத்தும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்வதால் இது பிழையன்று. உங்கள் மடிக்கணினியில் தோன்ற வேண்டுமென்றால் கட்டளை மடிக்கணினியில் ஓட வேண்டும். முனையச் சாளரங்களைத் திறந்தபடியே வைத்திருக்கும் டிமக்ஸ் நிரலைப் பயன்படுத்துவோர், நாள்கணக்கில் திறந்திருக்கும் சாளரம் பழைய அமர்வின் மாறிகளை வைத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளவும். புதிய சாளரத்தைத் திறந்து சோதித்தால் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் அனுப்பினால் வருகிறது. தமிழில் அனுப்பினால் கட்டங்கள் வருகின்றன, அல்லது ஒன்றுமே வருவதில்லை.

கட்டங்கள் வந்தால் செய்தி சரியாகவே சேர்ந்திருக்கிறது, எழுத்துரு மட்டும் இல்லை. நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவிவிட்டு, அறிவிப்பு நிரலை மறுதொடக்கம் செய்யுங்கள்.

ஒன்றுமே வரவில்லை என்றால் குறியேற்றத்தைப் பார்க்க வேண்டும். டி-பஸ் வழியாகப் போகும் ஒவ்வொரு சரமும் முறையான யுடிஎஃப்-8 (யூனிகோடின் குறியேற்றம்) ஆக இருக்க வேண்டும். ஒரு பைட் பிசகினாலும் அந்தச் செய்தியைப் பாதை ஏற்காது. யூனிகோட் பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட மாணவர் பெயர்ப் பட்டியல்கள், கோயில் நிகழ்ச்சி நிரல்கள் போன்றவை பல கணினிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு வரியை எடுத்து அறிவிப்பாக அனுப்பும்போது இது நேர்கிறது. கோப்பு டிஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியேற்றத்தில் இருந்தால் அதிர்ஷ்டம்தான்: லினக்ஸில் வழக்கமாக உள்ள ஐகான்வ் கட்டளைக்கு அந்தக் குறியேற்றம் தெரியும். ஐகான்வ் -எஃப் டிஸ்கி -டி யுடிஎஃப்-8 என்று கோப்பின் பெயருடன் ஓட்டி மாற்றிக்கொள்ளலாம். டிஸ்கி என்பதை ஆங்கிலத்தில் டி, எஸ், சி, ஐ, ஐ என்னும் ஐந்து எழுத்துகளில் எழுத வேண்டும். எழுத்துருவோடு ஒட்டிப் பிறந்த வேறு பழைய குறியேற்றங்கள் என்றால் அவற்றுக்கென உள்ள மாற்றிகளைத்தான் நாட வேண்டும்.

முனையத்தில் வரும் தமிழ், கிரானில் மட்டும் பைட் வரிசை தவறு என்ற பிழையுடன் நின்றால், கிரானுக்கு மொழிச்சூழல் தெரியவில்லை. லாங் என்னும் மாறியைப் பேரெழுத்தில் எழுதி, அதற்கு சி.யுடிஎஃப்-8 என்னும் மதிப்பைத் தந்து கிரான் கோப்பின் தொடக்கத்தில் சேர்த்தால் தீர்ந்துவிடும். அந்த மதிப்பிலும் சி என்பது பேரெழுத்து.

சில செய்திகள் மட்டும் வெறுமையாகவோ பாதியாகவோ வருகின்றன.

விவரப் பகுதியில் சில நிரல்கள் தடித்த எழுத்து, சாய்வெழுத்து ஆகியவற்றுக்கான குறிகளை ஏற்கின்றன. அதனால் சிறிது என்னும் குறியையும் உம்மைக் குறியையும் (ஆம்பர்சண்ட்) அவை எழுத்தாக அன்றிக் கட்டளையாகப் படிக்கும். கடையின் பெயரில் உம்மைக் குறி இருந்த ஒரே காரணத்தால் ஒரு வாடிக்கையாளரின் பாக்கி மட்டும் நினைவூட்டப்படாமல் போனதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. உம்மைக் குறியை &amp; என்றும் சிறிது குறியை &lt; என்றும் மாற்றி அனுப்புங்கள். தலைப்பு சிறுகோட்டில் தொடங்கினால் அது விருப்பமாகக் கருதப்படும். முன்னால் இரண்டு சிறுகோடுகளைத் தனியாக இட்டுவிட்டுத் தலைப்பை எழுதுங்கள். தலைப்பே இல்லாமல் அனுப்ப முடியாது.

விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸிலும் மேக்கிலும் இது வேலை செய்யுமா?

விண்டோஸின் துணை அமைப்பாக ஓடும் லினக்ஸில் அறிவிப்பைப் பெறுபவர் இயல்பாக இல்லை. நீங்களே ஒன்றை நிறுவினால்தான் உண்டு. மேக்கில் நோட்டிஃபை-சென்ட்டின் வேலைக்கு ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் என்னும் கட்டளை இருக்கிறது. அங்கே எதுவும் தோன்றாவிட்டால், கணினி அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதியில் ஸ்கிரிப்ட் எடிட்டருக்கு அனுமதி உள்ளதா, ஃபோகஸ் நிலை இயங்குகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டேன், இன்னும் வரவில்லை. உதவி கேட்கும்போது என்ன தர வேண்டும்?

எந்த மேசைச்சூழல் என்பது, பஸ்சிடிஎல் தந்த பதில், கட்டளை எங்கிருந்து, எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்பது, பிழைக் கோப்பின் கடைசி வரிகள், கட்டளை முடிந்ததும் எக்கோ $? என்று கேட்டால் வரும் எண் ஆகியவற்றை அனுப்புங்கள். அந்த எண் 0 என்றால் கடிதம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, பெறுபவரின் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். 1 என்றால் கடிதம் அலுவலகத்தையே எட்டவில்லை, சூழலைப் பார்க்க வேண்டும். முனையத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவோர், தயவுசெய்து கட்டளை எழுதிய வரியும் படத்துக்குள் விழும்படி எடுங்கள்.